கண் வரைந்த கை

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் காலையில் கஸ்தூரி தலை வாரினாள். சீப்போடு ஒரு வைக்கோல் வந்தது.

வீட்டில் மாடு இல்லை. அந்தத் தெருவிலேயே இல்லை. அவள் அதை முகர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடியும் நனைந்த வாடை. எங்கிருந்து வந்திருக்குமென்று யோசிக்க வேண்டியதில்லை. மாடியிலிருந்துதான். மாடியிலிருந்து வருகிற எதுவும் கஸ்தூரிக்கு ஆகாது.

போன வருஷம் வரை அது வெறும் மொட்டை மாடி. அவளுடைய மொட்டை மாடி. கார்த்திகை தீபத்தன்று அங்கே நின்று மலையைப் பார்த்து முதல் அகலை ஏற்றுவது பத்தொன்பது வருஷமாக அவள் கைதான். பிறகு கொழுந்தன் சகாதேவன் பாதி மாடியில் வீடு எழுப்பினான். மீதிப் பாதி இன்னும் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் ஓரகத்தி அன்புச்செல்வியின் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினால் "வாங்கக்கா" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கப் பிடிக்காமல் கஸ்தூரி மலையையே விட்டுவிட்டாள். கீழே எந்தச் சன்னலைத் திறந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர்.

அன்புச்செல்விக்குக் கை சும்மா இருக்காது. ஆடியில் கொட்டாங்கச்சியில் பூந்தொட்டி, ஆவணியில் களிமண் பிள்ளையார், புரட்டாசியில் பழைய புடவையைப் பின்னி மிதியடி, லீவு விட்டால் மகள் கவிநிலாவோடு சாத்தனூர் அணை. எல்லாவற்றையும் படம் பிடித்து போனில் போடுவாள். நாலாயிரம் பேர் பார்க்கிறார்களாம். அந்த நாலாயிரத்தில் தினமும் முதலில் பார்க்கிற ஆள் கஸ்தூரி. ஒரு படத்துக்கும் இதுவரை லைக் போட்டதில்லை.

அந்தப் பொம்மையும் அப்படிச் செய்ததுதான். ஆனி மாதம், கட்டட வேலை பாதியில் இருந்தபோது அன்புச்செல்வி கீழே வந்தாள்.

"அக்கா, திருஷ்டி பொம்மை கட்டறோம். பழைய துணி ஏதாச்சும் இருந்தா குடுங்களேன்."

கஸ்தூரி அக்குளில் கிழிந்த பச்சைப்பூ நைட்டி ஒன்றைக் கொடுத்தாள். அதற்குள் வைக்கோலைத் திணித்து, தலைக்குச் சுண்ணாம்பு அடித்த பானையைக் கவிழ்த்தார்கள். கவிநிலா கரியை எடுத்து மீசை போட்டாள்.

"நைட்டி போட்ட ஆளுக்கு மீசை எதுக்குடி?"

"அப்பதான் பெரியம்மா, எல்லாரும் பயப்படுவாங்க."

மீசை போட்ட சந்தோஷத்தில் வாய் போட மறந்துவிட்டாள். கண் வரைவதை மட்டும் கஸ்தூரி கேட்டு வாங்கிக்கொண்டாள். கோலத்தில் தேர்ந்த கை, இரண்டே இழுப்பு. பானை அவளைப் பார்த்தது.

கலவை குழைத்துக்கொண்டிருந்த கொத்தனார் இருசப்பன் தலை நிமிராமலே சொன்னார். "வேலை முடிஞ்சதும் கண்ணை வரைஞ்ச கையாலயே அழிச்சிடும்மா. கட்டை விரல்ல எச்சி தொட்டு அழிக்கணும். அப்பால எறக்கி நெருப்புல போட்டுடணும். கண்ணோட வுட்டா அது பாத்துக்கினே இருக்கும்."

"பாத்தா பாக்கட்டுமே. பொம்மைதானே?"

"பாக்கறது பொம்மை இல்லம்மா," என்று ஆரம்பித்தார். அதற்குள் யாரோ மணல் போதவில்லை என்று கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

கைப்பிடிச்சுவரின் மூலையில் கழி நட்டு, தெருவைப் பார்க்க வைத்தார்கள். எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். கஸ்தூரி மட்டும் பின்தங்கினாள். ஊர்க்கண்ணைத் தடுக்க வைத்ததை வீட்டுப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? சும்மா ஒரு இதுக்குத்தான். திருப்பிவிட்டு அவளும் டீ குடிக்கப் போனாள். காற்றில் திரும்பியிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஆவணியில் கிரகப்பிரவேசம் முடிந்ததும் கண்ணை அழிக்கக் கூப்பிட்டார்கள். "கைப்பிடிச்சுவர் பூச்சு பாக்கியிருக்கே, அது முடியட்டும்," என்றாள், மிகவும் அக்கறையாக.

வைக்கோல் வந்த அன்று மத்தியானம் கஸ்தூரி சற்றே கண்ணயர்ந்தாள். மூடிய இமைக்குள் இருட்டு வரவில்லை. அன்புச்செல்வியின் அடுப்படிச் சன்னல் வந்தது. எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் தட்டு, தட்டில் எட்டு வடை. அதற்கு மேலே புது வீட்டின் தட்டைக் கூரை, கூரைக்கும் மேலே மழை கழுவிவிட்ட மலை.

சாயங்காலம் அன்புச்செல்வி கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். "சூடா இருக்குது, சாப்பிடுங்கக்கா."

"எட்டு சுட்டுட்டு மூணுதான் கொண்டாந்தியா?"

அன்புச்செல்விக்கு முகம் வெளுத்தது. கஸ்தூரிக்கு அந்த மூன்று வடையும் அமிர்தமாக இருந்தது.

அதற்கப்புறம் அவளுக்குப் போன் தேவைப்படவில்லை. கண்ணை மூடினால் போதும். மாடிக் கொடியில் என்ன புடவை, யார் வந்து போனார்கள், தீபாவளிக்கு என்ன பலகாரம், எல்லாம் நேரே தெரிந்தது. கூடவே மலையும் தெரிந்தது. யாரிடமும் "வாங்கக்கா" கேட்காமல்.

"இன்னாடி இது, எந்நேரமும் கண்ணை மூடிக்கினு?" என்றான் புருஷன் அர்ஜுனன். "ஆசிரமத்துல போய் வெள்ளைக்காரங்க பக்கத்துல உக்காரு. உனக்கும் ரெண்டு சீடருங்க வருவாங்க."

மழை இறங்கியபோதுதான் கணக்கு வேறு மாதிரி ஆயிற்று. கீழே அடுப்பருகே உட்கார்ந்திருந்தவளுக்குத் தோள் இரண்டும் நனைந்து கனத்தன. நைட்டித் துணி உடம்போடு ஒட்டுகிற சில்லிப்பு, உள்ளே ஏதோ மெல்ல மக்குகிற சூடு, காதருகே காலி மண்பாண்டத்துக்குள் விழுவதுபோல ஒவ்வொரு தூறலுக்கும் ஒரு டொக். ஒருநாள் காக்கை ஒன்று தலையில் வந்து உட்கார்ந்தது. கண் திறந்தபோது உச்சந்தலையில் கீறல் இருந்தது.

கண் திறப்பதும் முன்போல் இல்லை. முதலில் ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. பிறகு உலை பொங்கி அடுப்பு அணைகிற நேரம். பிறகு அதற்கும் மேலே. அவள் திரும்பி வந்தபோது சோறு வடித்திருந்தது. பாத்திரம் கழுவியிருந்தது. வாசலில் கோலம். அவள் போடுகிற புள்ளிக்கோலம்தான், ஆனால் ஒரு பிசகில்லாமல்.

யார் வடித்தது?

மறுநாள் அன்புச்செல்வி அதற்குப் பதில் சொன்னாள், கேட்காமலே. "நேத்து கவிநிலாவுக்கு ஜடை பின்னி விட்டீங்களே, அவ்ளோ அழகுக்கா. படம் போட்டேன். 'உங்க அக்கா மாதிரி ஒருத்தர் எங்க வீட்ல இல்லையே'னு எல்லாரும் எழுதறாங்க."

கஸ்தூரி போனை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம். சிரித்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஜடையைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தன் நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பயத்துக்கு நடுவிலும், படத்தில் இருந்தவளைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்பு பூச்சு வேலை முடிந்தது.

"அக்கா, தீபத்துக்கு நீங்க மேல வரணும். பொம்மையும் எறக்கிடலாம். தெரு முனைப் பிள்ளையார் கோவில் சொக்கப்பனையில போட்டுடலாம்னு அவரு சொல்றாரு. கண்ணை நீங்கதான் அழிக்கணுமாம்."

"வரேன்," என்றாள் கஸ்தூரி. நிஜமாகவே போவதாகத்தான் இருந்தாள். விரலை நனைத்து இரண்டு தேய்ப்பு, எல்லாம் தீர்ந்துவிடும்.

தீபத்தன்று அரக்குப் பட்டுப் புடவை கட்டி, ஐந்தே முக்காலுக்கு, வழக்கம்போல் இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி, மாடிப்படியின் கீழே வந்து நின்றாள். தெருவே விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு இன்னும் ஏற்றாத அகல்கள், எல்லா மாடியிலும் மலைப் பக்கம் திரும்பிய தலைகள், கிரிவலப் பாதையிலிருந்து கடல் மாதிரி ஒரு இரைச்சல். முதல் படியில் கால் வைத்தாள். மேலே அன்புச்செல்வியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மாடியில், என் மலையைப் பார்க்க, விருந்தாளியாக நான் போய் நிற்பதா?

கண்ணை அழித்துவிட்டால் இனி மலையும் இல்லை. கடைசியாக ஒரு தடவை. தீபம் ஏற்றுகிற வரைக்கும்தான். படியிலேயே உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

மலை நன்றாகத் தெரிந்தது. உச்சியில் ஒரு பொறி. பொறி நாக்காயிற்று. ஊர் முழுக்க ஒரே குரலில் அரோகரா. கீழே ஒன்று, பத்து, ஆயிரமென்று அகல்கள் பற்றின. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு நல்ல இடத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

போதும். கண்ணைத் திறந்தாள்.

மலைதான் தெரிந்தது.

மறுபடியும் திறந்தாள். மலை. மூடவும் முடியவில்லை. பானைக்கு யாரும் இமை வரைவதில்லை.

படியில் மெட்டிச் சத்தம். அவளுக்குத் தெரிந்த மெட்டி. இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

அரக்குப் பட்டு மேலே வந்தது.

"வாங்கக்கா! வரமாட்டீங்களோனு நெனச்சேன்."

"உன் வீடு அழகா இருக்குது அன்பு," என்றது கஸ்தூரியின் குரல். "மனசு நெறஞ்சி போச்சு."

அன்புச்செல்விக்குக் கண் கலங்கியது. அணைத்துக்கொண்டாள். பட்டுக் கொசுவத்திலிருந்து ஒரு வைக்கோல் நழுவித் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்த்தவளால் சொல்ல முடியவில்லை. மீசைக்குக் கீழே ஒன்றுமில்லை.

"பெரியம்மா, இந்தாங்க ஸ்டூல்."

"நல்ல புள்ள."

ஸ்டூல் கிறீச்சிட்டது. முகம் மேலே வந்தது. தன் முகம். இவ்வளவு கிட்டத்தில். கோபமே இல்லாத கண்கள். தெரு முனையில் சொக்கப்பனை பற்றி ஓலை வெடிக்க ஆரம்பித்தது.

அரக்குப் பட்டு கட்டியவள் கட்டை விரலை நாக்கில் வைத்து நனைத்தாள்.

ஈரம். கரகரப்பு. ஒரு தேய்ப்பு.

பாதி மலை போயிற்று.

மீதிப் பாதியில் தீபம் அசையாமல் எரிந்தது. அதற்கு முன்னால், கரி படிந்த அந்தக் கட்டை விரல் மறுபடியும் நாக்குக்குப் போயிற்று.