பொருந்தாத கை

“பொருந்தவில்லை” என்றது கைகாணி.

தென்காசி ரயில் நிலையத்தின் புது மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் ஊதுவதற்கு எடுத்த மூச்சை அப்படியே விழுங்கினார். மாலை பிடித்திருந்தவர்கள் அதை யார் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். சான்று அதிகாரி தேவசகாயம் அந்த உள்ளங்கையளவு கருவியைச் சட்டையில் துடைத்துவிட்டு, விசுப்பலகையின் மேல் மறுபடியும் ஓட்டினார்.

“பொருந்தவில்லை. இது உலகம்மையின் கை அல்ல. நல்ல நகல்.”

உலகம்மை பக்கத்தில்தான் நின்றாள். முதல் கோட்டிலிருந்து கடைசி ஆப்பு வரை அந்த விசுப்பலகையைச் செய்தவள் அவள். கையில் தேன்மெழுகு வாசனை இன்னும் போகவில்லை.

“யக்கா, ஒன் பெஞ்சை நீயே திருடிட்டேன்னுல்லா சொல்லுது” என்றான் மைதீன். அவளுக்கு மரம் பார்த்து வாங்கி அறுத்துக் கொடுக்கும் கூட்டாளி அவன்.

“வாயை மூடுடே.”

விசுப்பலகை என்றால் சும்மா ஒரு பலகையும் நாலு காலும் இல்லை. மண்டபத்தின் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை, முழுக்க வேங்கை. ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒவ்வொரு குறுக்குக் கட்டையின் நுனியில் செதுக்கிய கழுந்தும் காலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் தலை நீட்டும். அந்தத் தலையில் ஓர் ஆப்பு. எது எதைத் தாங்குகிறது என்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதற்கு மறைக்காப் பாணி என்று பெயர். மூட்டே தெரியாத வழவழப்புச் சாமான்களை இயந்திரங்கள் துப்பிக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் சலித்துப்போய் இந்தப் பாணிக்குத் திரும்பினார்கள். ஒரு மனிதக் கை பட்ட பொருள் வீட்டில் வேண்டும் என்றார்கள். ஆனால் வீடுகள் கோடிக்கணக்கில் இருந்தன, கைகள் நூறுகூடத் தேறவில்லை.

அதற்காக வந்ததுதான் கைப்பதிவி. ஒருவர் வரைபடம் போடும்போது பென்சில் எங்கே அழுந்துகிறது, எங்கே தயங்குகிறது, உளி எந்தப் பக்கம் சாய்கிறது என்று அத்தனையையும் அது வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு நிழலுரு பிறக்கும். தொட முடியாது, ஆனால் அந்தரத்தில் நிறுத்திச் சுற்றிப் பார்க்கலாம், பொருத்துகளைக் கழற்றிப் பார்க்கலாம். தொட்டில் கேட்டால் தொட்டில், அலமாரி கேட்டால் அலமாரி. எதைக் கேட்டாலும் அதே கை வரைந்த மாதிரி வரைந்து கொடுக்கும். தெருமுனையில் இருக்கும் அறுப்பி அதை மரத்தில் வெட்டித் தந்துவிடும். வெட்டியது யாருடைய கைப்படி என்று உறுதி சொல்லத்தான் கைகாணி. அதிகாரிகளிடம் மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு ஒன்று உண்டு.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு சாரல் காலத்தில், உலகம்மையின் கையைப் பதிந்துகொண்டு போனார்கள். இன்றைக்குப் பத்து லட்சம் வீடுகளில் அவள் கை இருக்கிறது.

அந்தக் கை இவளுடைய கை இல்லை என்கிறது கைகாணி.

“என்ன வித்தியாசம்னு காட்டுங்க சார்” என்றாள்.

தேவசகாயம், பதிந்த கையின் விசுப்பலகை, இந்த விசுப்பலகை என்று இரண்டு நிழலுருக்களை மண்டபத்தின் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினார். எல்லாக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தது. பொருத்துகளின் இடப்பக்கம் மட்டும் சிவப்பாக எரிந்தது.

“பாருங்க, ஒங்க கைன்னா ஒவ்வொரு துளையிலயும் இடப்பக்கம் ஒரு நூல் சந்து இருக்கணும். இதுல எங்கயும் இல்ல.”

ஆசாரிகளின் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அது தெரியாமல் நடந்த கூத்து ஒன்று உண்டு. அறுப்பி, வெட்டிய கட்டைகளைக் கொடுக்கும்போது எப்படிப் பூட்டுவது என்று வாயால் சொல்லும். உலகம்மையின் நிழலுருவுக்கு அது சொல்லும் கடைசி வரி, “இடப்பக்கம் ஒரு நூல் விடவும்.” கடையத்தில் யாரோ ஒரு அம்மாள் பயபக்தியோடு ஒரு மஞ்சள் நூலை எடுத்து அந்தச் சந்தில் விட்டாள். அடுத்த வீட்டுக்காரி பார்த்தாள். இப்போது உலகம்மை விசுப்பலகையில் மஞ்சள் நூல் கோக்காமல் தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணமும் நடப்பதில்லை, ஒரு புது வீட்டிலும் பால் காய்ச்சுவதில்லை.

“சரி, இப்ப என்ன செய்யப் போறீய?”

தேவசகாயம் நெற்றியைத் தேய்த்தார். “ஒப்பந்தத்துல அசல் உலகம்மை விசுப்பலகைன்னு இருக்கு. கைகாணி இல்லன்னுட்டா இதை எடுத்தாகணும். தூணோட பூட்டியிருக்கதால அறுத்துத்தான் எடுக்கணும். பொறவு அறுப்பியில ஒண்ணு வெட்டி வைப்போம்.”

“என்னதை அறுத்துப் போட்டுட்டு, என் நகலை வைக்கப் போறீயளா?”

“சட்டப்படி அதுதானேம்மா அசல்.”

மைதீன் சிரிப்பை அடக்க மேற்கூரையைப் பார்த்தான். உலகம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே நல்ல வேலை இது. அது அவளுக்கே தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

தேவசகாயம் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்கு. உளியை எடுத்து ஒவ்வொரு பொருத்துலயும் ஒரு நூல் தட்டி விட்டிருங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும். இங்க பாருங்க.” நிழலுருவின் பொருத்தில் விரலை ஓட்டி அவரே ஒரு நூல் சந்து விட்டார்.

“பொருந்துகிறது” என்றது கைகாணி. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

உலகம்மை பையிலிருந்து உளியை எடுத்தாள். முதல் பொருத்தில் இடப்பக்கம் முனையை வைத்தாள். மைதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மண்டபமே அந்த முனையைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். உளி அசையவில்லை.

பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அது என் கை இல்ல சார். என் பயம். மொதல்ல செஞ்ச பெரிய பெஞ்சு சாரல்ல ஊறி, கால் ரெண்டாப் பொளந்துட்டு. அதுக்குப் பொறவு அந்த வருசம் பூரா எந்தப் பொருத்தைப் போட்டாலும் ஊறுனா எடம் வேணுமேன்னு ஒரு நூல் கூடவே விட்டேன். அந்த நேரம் பாத்து ஒங்க ஆளுக கைப்பதிவிப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாவ. இப்ப எனக்கு மரத்துல ரேகை ஓடுத தெசை தெரியும். மரம் ஊறுனா இறுகுத மாதிரி திருப்பி வைக்கத் தெரியும். இருவது வருசம் கத்துக்கிட்டதை ஒரு நூலுக்காகக் கொத்தச் சொல்லுதீயளா?”

“நான் சொல்லலம்மா, கருவி சொல்லுது.”

“அப்ப கருவிக்குச் சொல்லிக் குடுங்க.”

தேவசகாயம் கொஞ்சம் யோசித்தார். உயிரோடு இருப்பவர்களுக்குக் ‘கை புதுப்பிப்பு’ என்று ஒரு வசதி உண்டு என்றும், இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

“ஏன் கேக்கல?”

“பதிஞ்ச கையே வேலை பாத்துக்கிடுதுல்லா. அதுக்கப்புறம் யாரும்மா உளியைத் தொடுதாங்க?”

மண்டபத்திலேயே மேசை போட்டு, கைப்பதிவியைக் கொண்டுவந்தார்கள். உலகம்மை கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு பொருத்தை வரைந்தாள். மைதீன் கட்டையைப் பிடிக்க, வரைந்தபடியே வெட்டினாள். கழுந்து துளைக்குள் போகும்போது, இறுக்கமான டப்பாவை மூடுகிற மாதிரி காற்று மெல்ல வெளியேறும் ஓசை கேட்டது. நாதஸ்வரக்காரர்கூட வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

விசுப்பலகையின் மேல் மறுபடியும் கைகாணியை ஓட்டினார்கள்.

“பொருந்துகிறது. இது உலகம்மையின் கை.”

அப்புறம் கேட்க வேண்டுமா? மேளம், மாலை, ஆரவாரம். ரயில் நிலையத்துக்கு வந்த முதல் பயணி உட்காருவதற்கு முன்னால் உலகம்மை உட்கார்ந்தாள். சாய்ந்து, இரண்டு கையையும் விரித்து, மாமியார் வீட்டில் முதல்முறை தலை நிமிர்ந்தவள் மாதிரி உட்கார்ந்தாள். படம் எடுத்தவர்கள் கொஞ்சம் சிரியுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் பட்டறை வாசலில் கூட்டம் நின்றது. மாலை கொண்டு வந்த கூட்டம் இல்லை.

“யாரு இங்க உலகம்மை?” என்றாள் முன்னால் நின்றவள். பெயர் செண்பகவடிவு, ஊர் ஆழ்வார்குறிச்சி. “என் மவளுக்குச் சீரா குடுத்த பெஞ்சு நேத்து வரைக்கும் அசலு. இன்னைக்குக் காலையில மாப்பிள்ளை வீட்டுல கைகாணியை ஓட்டுனா, பொருந்தலைங்குது. ‘நகலைக் குடுத்து ஏமாத்திட்டிய’ன்னு முகூர்த்தத்தை நிறுத்தி வச்சிருக்காவ. என் புள்ள மணவறையில உக்காந்து அழுதுட்டிருக்கா.”

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார், “எங்க வீட்டுலயும் அப்படித்தான்!” “எங்க தொட்டில்லயும்!”

தேவசகாயம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நேற்றைய சட்டையே, வேர்வையில் நனைந்திருந்தது. கருவியின் கணக்கில் ஓர் ஆளுக்கு ஒரு கைதான். புதுக் கை ஏறியதும் பழைய கை இறங்கிவிட்டது. பத்து லட்சம் வீட்டுச் சாமானும் ஒரே ராத்திரியில் நகலாகிவிட்டது.

“ரெண்டு கையையும் வச்சுக்கிடச் சொல்லுங்களேன்” என்றான் மைதீன். “மனுசனுக்கு ரெண்டு கைதான?”

“கேட்டுப் பாத்தாச்சு தம்பி. ஒரே ஆளு ரெண்டு விதமா வரைஞ்சா, அதுல ஒருத்தர் பொய்யாம்.” அவர் உலகம்மையைப் பார்த்தார். “நீங்கதாம்மா சொல்லணும். எந்தக் கை இருக்கட்டும்?”

உலகம்மை செண்பகவடிவிடம் கேட்டாள். “பெஞ்சு ஆடுதாம்மா?”

“ஆடல.”

“நூல் போவுதா?”

“போவுது. நானே கோத்தேன்.”

உலகம்மை பயந்து பயந்து செய்த காலத்து வேலை அது. அப்படியும் பத்து லட்சம் வீட்டில் ஒரு வீட்டிலும் கால் ஆடவில்லை. அந்தப் பயந்தாங்கொள்ளிப் பெண்ணை நினைத்தபோது அவளுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“பழைய கையையே போடுங்க சார்.”

“யக்கா!” என்றான் மைதீன்.

“ஆனா ஒண்ணு. ஸ்டேஷன் பெஞ்சுல ஒருத்தன் ரம்பம் வைக்கப்பிடாது.”

“வைக்க மாட்டோம். ஆனா அதுல நகல்னு தகடு அடிக்கணும்மா. ஒங்க பேரு இருக்காது. கைகாணியும் அப்படித்தான் சொல்லும்.”

“சொல்லிட்டுப் போவட்டும். அதுக்கு வாய்தான் உண்டு, உக்காரதுக்கு ஒண்ணும் கெடையாதே.”

கூட்டம் சிரித்தது. தேவசகாயம் கைப்பதிவியில் விரலை வைத்தார். செண்பகவடிவு போனில் மாப்பிள்ளை வீட்டாரிடம், “இப்ப ஓட்டிப் பாருங்க, இப்ப!” என்று கத்திக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

தகடு மறுநாளே வந்துவிட்டது. ‘உலகம்மை பாணியில் செய்த நகல். செய்தவர் பெயர் தெரியவில்லை.’

அடுத்த சாரலில் ஊரே ஊறியது. நிலையத்தின் கதவெல்லாம் உப்பிக்கொண்டு அடைக்க முடியாமல் நின்றது. விசுப்பலகை மட்டும் இன்னும் இறுகி, மொத்தமாக ஒரே மரத்தில் குடைந்தெடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் மரம் ஏற்றி அனுப்ப வந்த உலகம்மையும் மைதீனும் மழைக்கு ஒதுங்கி அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

செங்கோட்டை வண்டியிலிருந்து இறங்கிய ஒரு பெண் குடையை உதறிவிட்டு, எல்லோரும் செய்கிற மாதிரி முதலில் கைகாணியை எடுத்து ஓட்டினாள். “நகலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு குனிந்து, பொருத்தின் இடப்பக்கம் கட்டைவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்தாள். நகம் போகவில்லை. வலப்பக்கம் பார்த்தாள். அடுத்த காலுக்குப் போனாள். ஈரக் குடையைக் கீழே போட்டுவிட்டு, அதற்கும் அடுத்த காலுக்குப் போனாள்.

“எங்க வீட்டுல அசல் உலகம்மை இருக்கு” என்றாள், திரும்பி வந்து. “எங்க அம்மை குடுத்தது. அதுல சந்துல நூல் போவும். இதுல மூச்சுகூடப் போவாது போலருக்கே. யாரு செஞ்சாவ, தெரியுமா?”

மைதீன் வாயைத் திறந்தான். உலகம்மை அவன் செருப்பை மிதித்தாள்.

“பேரு போடலியே” என்றாள்.

“போடாட்டி என்ன? நான் சொல்லுதேன், செஞ்சது யாரா இருந்தாலும் சரி, அந்த உலகம்மையைத் தாண்டி எங்கயோ போயிட்டாவ.”

உலகம்மை நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டாள். முந்தானையால் பலகையில் தெறித்திருந்த மழைத்துளியைத் துடைத்தும் விட்டாள்.

“உக்காருங்க தாயி, நல்லாச் சாஞ்சு உக்காருங்க. உக்காந்துட்டு, இப்ப சொன்னியள்லா, அதை இன்னொரு தடவை சொல்லுங்க. மழைச் சத்தத்துல இவன் காதுல சரியா விழலியாம்.”