ஊதாத் தோல்

உத்திரமேரூர் காப்புக்காட்டில் விறகு பொறுக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டையைப் புரட்டினால் அடியில் ஊதாப் பூஞ்சணம் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தால்தான் எடுப்பார்கள். அது செத்த மரத்தை மட்டுமே தின்னும். அதை வண்டு தின்னும், கட்டை மண்ணாகும், அந்த மண்ணில் கன்று முளைக்கும். உயிருள்ள மரத்தை அது தொட்டதே இல்லை. அதனால் வனக்காவலர் கோபாலும் சுமையில் ஊதாவைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்.

மூன்று நாள் மழைக்குப் பிறகு அன்று மதியம் அம்முலு காட்டுக்கு வந்தாள். கிடந்ததெல்லாம் தொட்டால் உதிரும் உளுத்த கட்டைகள். வீட்டில் ஏழு வயது திலகா காய்ச்சலில் கிடந்தாள். சுடுகஞ்சி வைக்க ஒரு சுள்ளி இல்லை. புருஷன் போன பிறகு அம்முலுவுக்கு இருக்கிற ஒரே உயிர் அந்தப் பிள்ளைதான். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். பிள்ளைக்கு என்றால் பதினொன்றாவதும் போகும்.

பச்சைக் கொன்றைக் கிளைகளை வெட்டினாள். உளுத்த கட்டையிலிருந்து ஊதாத் தோலை உரித்தாள். தூக்கில் இருந்த பழைய சோற்றை மசித்துத் தடவி, கிளைகளின் மேல் நாலு விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"இன்னாம்மா, இவ்ளோ கனமா கீது?" என்றார் கோபால்.

"மழையில நனஞ்சிகீது சார். ஊதா கீது பாருங்க. செத்ததுதான்."

"செத்ததுன்னா எடுத்துக்கினு போ."

அவளுக்குப் பின்னால், காட்டுக்குள், பறவைச் சத்தம் மொத்தமும் நின்றுபோனது.

பச்சை விறகு எரியவில்லை. நுனியில் நீர் கசிந்து சீறியது. குடிசை முழுக்கப் புகை. புகைக்குள் ஈர மண் வாசனை.

"அம்மா, யாரோ பின்னால கை வெச்சாங்க. ஜில்லுன்னு கீது."

அம்முலு மகளைத் திருப்பினாள்.

பிடரியில் ஊதாத் திட்டு.

பதறிப்போய் நகத்தால் சுரண்டினாள். தோல் உரிந்து வந்தது. அடியில் மசித்த சோறு, இன்னும் ஈரமாக. அதில் நாலு விரல் பதிந்திருந்தது. அவளுடைய விரலைவிட இரண்டு மடங்கு நீளம்.

துடைத்தாள். முதுகில் இன்னொன்று இருந்தது. அதையும் துடைத்தாள். காலில் இருந்தது.

"எம் புள்ள உயிரோட கீது!" என்று கத்தினாள். "உயிரோட கீது!"

கதவுக்கு வெளியே யாரோ யாருக்கோ பணிவாகப் பதில் சொன்னார்கள். அது அம்முலுவின் குரல்.

"மழையில நனஞ்சிகீது சார். ஊதா கீது பாருங்க. செத்ததுதான்."

மடியில் திலகாவின் காய்ச்சல் மெல்லத் தணிந்து, உடம்பு சில்லிடத் தொடங்கியது.