இரண்டில் ஒரு குப்பி

காலை ஒன்பது மணிக்கு டாக்டர் உர்போ தன் ஆய்வகத்தில், செல்களை உடம்புச் சூட்டில் வைத்து வளர்க்கும் சூட்டுப்பெட்டியைத் திறந்தார். இரண்டு குப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

குவோப்பியோ நகரக் காவல்துறையிலிருந்து இன்ஸ்பெக்டர் கெர்ட்டு வந்தாள்.

"அதுல என்ன இருந்துச்சு?"

"மூளை."

கெர்ட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"முழுசா இல்ல மேடம். ஹில்லான்னு ஒரு பொண்ணு, போன வருஷம் மூணு வயசுல இறந்துட்டா. அவ தோல்லேர்ந்து எடுத்த செல்லை வச்சு வளர்த்த மூளைத் திசு. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுவுல பழுது. அவங்களை அது ஒண்ணும் பண்ணல. ரெண்டு பழுதும் குழந்தைகிட்ட சேர்ந்துடுச்சு. கருவுல மூளைக்கு விதை மாதிரி சில செல்கள் உண்டு. அதுங்க முதல்ல நல்லாப் பெருகணும். ஹில்லாவுக்குப் பெருகறதுக்குள்ளயே முத்திப்போச்சு. மூளை சின்னதாவே நின்னுடுச்சு."

மிச்சமிருந்த குப்பியில் கடுகளவு ஒன்று மிதந்தது.

"காணாமப் போனது?"

"அதே செல்தான். பழுதைச் சரிபண்ணி வளர்த்தோம். பட்டாணி அளவு வந்துச்சு. எட்ட நின்னே வித்தியாசம் தெரியும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கறதுதான் எங்க ஆராய்ச்சியே."

"நேத்து உள்ள யார் வந்தாங்க?"

"நான், என் உதவியாளன் நீலோ. மத்தியானம் ஹில்லாவோட பெத்தவங்க. காட்டணும்னு நான்தான் கூப்பிட்டேன். கிளம்பும்போது அம்மா மட்டும் கையுறையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தாங்க. ஆனா நீலோவைப் பாருங்க. என்கூடச் சண்டை போட்டுட்டு, எங்களுக்குப் போட்டியான ஆய்வகத்துக்குப் போறான்."

நீலோ தன் பையை மேசையில் கொட்டினான். "தேடிக்குங்க மேடம். அவர் பேச்சைக் கேட்டா நான் என்னவோ பட்டாணி திருடிப் பொழைக்கறவன்!"

பையில் ஒன்றும் இல்லை. கெர்ட்டு ஹில்லாவின் வீட்டுக்குப் போனாள்.

வெளியே ஏரி உறைந்து கிடந்தது. வீட்டுக்குள் நல்ல வெதுவெதுப்பு. அரைக்கைச் சட்டையில் இருந்த அப்பா ஆர்த்தோ காபி ஊற்றினார். அம்மா சிர்க்கா, பஞ்சுவைத்த கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால்தான் கோப்பையை எடுத்தாள்.

"பெட்டியைத் தொட்டீங்களா?"

"கையுறை எடுக்கத்தான் போனேன்."

"விடுங்க மேடம்," என்றார் ஆர்த்தோ. "நேத்துலேர்ந்து குளிருதுங்கறா. கோட்டோடயே தூங்கினா."

கெர்ட்டு கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீலோ எடுத்திருந்தா ரெண்டையும் எடுத்திருப்பான். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு ஆராய்ச்சிக்கு உதவாது. டாக்டரைப் பழிவாங்கணும்னா ரெண்டையும் கொட்டியிருப்பான். வந்தவங்க நல்லா வளர்ந்ததை மட்டும் எடுத்திருக்காங்க. அதை உடம்புச் சூட்டுலதான் வைக்கணும். இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் வேர்த்துக்கிட்டு இருக்கோம். நீங்க கோட்டைக் கழட்டல. எடுத்தது நீங்கதான், சிர்க்கா."

ஆர்த்தோ மனைவியைப் பார்த்தார். அவள் மெதுவாகப் பொத்தான்களைக் கழற்றி, உள்சட்டைக்குள்ளிருந்து குப்பியை எடுத்தாள்.

"இது அவ இல்லன்னு தெரியும். அதுக்கு நினைப்பு கிடையாது, வலி கிடையாது, டாக்டர் எல்லாம் சொன்னார். மூணு வருஷம் அவ என்னை அம்மான்னு கூப்பிடல. இதைப் பார்த்ததும், இவ கூப்பிட்டிருப்பாளேன்னு தோணிச்சு. ஒரு ராத்திரி பக்கத்துல வச்சுக்கணும் போல இருந்துச்சு."

ஆர்த்தோ எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கோபத்தோடுதான் வந்தார். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது. திரவம் கலங்கியிருந்தது.

"உயிர் போயிடுச்சு," என்றார். பிறகு, சிர்க்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கெர்ட்டுவிடம், "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம். ஹில்லாவோட செல் உறைய வச்சது இன்னும் இருக்கு. சில மாசத்துல மறுபடி வளர்த்துடலாம்."

சிர்க்கா வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வளருங்க டாக்டர். அடுத்த குழந்தைகளுக்கு வேணும். ஆனா என்னைக் கூப்பிட்டுக் காட்டிடாதீங்க."