மறதிப்பட்டை

தூத்துக்குடிக்கு அப்பால், கடலில் எழுப்பப்பட்ட மிதவைத் துறைமுகத்தில், பணி முடிந்தவர்கள், வேலை நேரம் முழுதும் காதில் கட்டளையிடும் செவித்துணையைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு ஆறுதல் அறையின் வாசலில் வரிசையாக அமர்வது வழக்கம். நிறுவனமே நடத்தும் இலவச மனநலச் சேவை அது. 'துயரத்தை உள்ளே மட்டும் பேசுக. வெளியே பேசினால் வேலை இரத்து' என்று சுவரில் எழுதியிருந்தது.

பளுதூக்கி இயக்கும் ஜெசிந்தா உள்ளே சென்றாள். ஆலோசகர் வைதேகி அன்போடு வரவேற்றார். அவர் நெற்றியில் பதிக்கப்பட்டிருந்த மறதிப்பட்டை மினுங்கியது.

"கழட்டின பொறவும் காதுல 'வேகம், வேகம்'னு கேட்டுக்கிட்டே இருக்கு, மேடம். நேத்து பிள்ளையக் குளிப்பாட்டும்போதும் கேட்டுச்சு. கை தானா வேகமாப் போயி, பிள்ள வழுக்கிட்டு. புடிச்சிட்டேன். அடுத்த தடவ புடிப்பேனான்னு தெரியல."

"ஐயோ! இப்படி ஒண்ணை நான் முதல் தடவையாக் கேக்கறேன். உங்களுக்கு ஓய்வு போதலைம்மா."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "போன வாரமும் இதத்தான சொன்னேன்! அன்னைக்கும் 'முதல் தடவை'ன்னுதான சொன்னிய?"

வைதேகியின் முகம் வெளிறியது. அவர் பொய் சொல்லவில்லை. பணியாளர் வெளியேறிக் கதவு மூடியதும், மறதிப்பட்டை அந்த உரையாடலை ஆலோசகரின் நினைவிலிருந்து துடைத்துவிடும். இரகசியம் காக்கும் இந்த ஏற்பாட்டுக்காக நிறுவனம் விருதுகூட வாங்கியிருந்தது. யாரைக் காக்கும் இரகசியம் இது? ஒரே வகைச் செவித்துணை நூறு பேரைச் சிதைத்தாலும், நூறு பேரும் தத்தம் மூளையையே பழித்துக்கொள்வார்கள்; கருவியோ மறுநாள் காலையில் குற்றமற்றதாய் மீண்டும் காதில் ஏறும்.

ஜெசிந்தா எழுந்து கதவைத் திறந்தாள். அடுத்து அமர்ந்திருந்த செல்வின், வெறுங்காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கழட்டின பொறவும் கேக்குதா?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "உனக்குமா, தங்கச்சி? எனக்குத்தான் கிறுக்குன்னு வீட்டுல பாயையே தனியாப் போட்டுட்டேனே!"

"எனக்கு 'தாமதம்'னு ஏசுது," என்றது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

கதவு தானாக மூடத் தொடங்கியது.

"விடாதீங்க!" என்று உள்ளிருந்து வைதேகி கத்தினார். "மூடினா நான் மறந்துடுவேன்!"

செல்வின் தம் கனத்த காலணியை இடுக்கில் நுழைத்தார். கதவு அதை முட்டியது. விலகி, மறுபடியும் முட்டியது.

"முட்டட்டும்," என்றார் அவர். "ஒவ்வொருத்தரா வந்து சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க."