புதிதாகச் சேர்ந்தவை

நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு அக்காவின் வீட்டுக்குள் வந்த தம்பி, கூடத்து மூலையை அண்ணாந்து பார்த்தான். அக்காவின் புருஷன், மாமா, கேமரா மாட்டியிருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த மறுநாளே அக்கா அதைக் கழற்றி எறிந்துவிட்டாளாம். துக்கத்தில் ஏதோ செய்திருக்கிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டான். ஊரில் உள்ள வயரையெல்லாம் நோண்டிப் பார்ப்பவனுக்கு அக்காவின் மனசு மட்டும் பிடிபட்டதில்லை.

மாமா எடுத்த வீடியோக்களை அவள் டிவியில் பார்த்து ஆறுதலடையட்டும் என்பது அவனாகச் செய்த ஏற்பாடு. உள்ளங்கைக்குள் அடங்கும் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை எடுத்து, மெமரி கார்டில் வீடியோக்களை வரிசைப்படுத்திக் காட்டும் மீடியா சென்டர் மென்பொருளை ஏற்றி, டிவியோடு இணைத்தான். அலமாரியில் கிடந்த மாமாவின் ஹார்டு டிஸ்க்கையும் அதில் மாட்டினான். அக்கா அடுப்படியில் இருந்தாள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அவன் கேட்கவில்லை.

மழை இருட்டு, மதியமே விளக்குப் போட வைத்திருந்தது. டிஸ்க் மெல்ல உறுமியது. திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

எல்லாவற்றிலும் அக்கா.

துணி மடிக்கிறாள். வாசல் கதவில் கை வைத்துவிட்டுத் தயங்குகிறாள். எல்லாமே மேலிருந்து எடுத்தவை. ஒன்றில்கூட அவள் சிரிக்கவில்லை.

'புதிதாகச் சேர்ந்தவை' வரிசையில் இன்னொன்று முளைத்தது. இன்றைய தேதி. அதில், அடுப்படியில் அக்கா முதுகு காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

உள்ளே கத்தியின் சத்தம் நின்றது.

திரையிலும் அவள் கை நின்றது.

"எதைடா மாட்டின?" அக்கா கூடத்துக்கு வந்திருந்தாள்.

"மாமாவோட டிஸ்க்குக்கா. நீ பாத்தா கொஞ்சம் ஆறுதலா..."

"ஆறுதலா? ஜன்னல் பக்கம் நின்னாக்கூட ஏன்னு கேட்ட மனுஷன்டா. இப்பத்தான் நிம்மதியா மூச்சு விடறேன். புடுங்குடா அதை!"

பிடுங்கினான். திரை அணைந்தது. தன் மேலேயே அவனுக்கு ஆத்திரம் வந்தது. "கிளம்புக்கா, நம்ம வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். போர்டையும் டிஸ்க்கையும் அங்கேயே போட்டுவிட்டு, ஒரே ஒரு துணிப்பையோடு காரில் ஏறினார்கள்.

வழியில் அக்கா கண்ணாடியை இறக்கினாள்.

"மழை உள்ள வருதுக்கா."

"வரட்டுமே!" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

அவன் வீட்டு டிவியிலும் அதே மாதிரி ஒரு போர்டு உண்டு. தம்பி உள்ளே நுழைந்தபோது, அதன் முன்னால் மனைவி ரிமோட்டோடு நின்றிருந்தாள்.

"என்னங்க, இதுல புதுசா ஏதாவது ஏத்தினீங்களா? நம்ம வாசல் தெரியுதே."

திரையில் அவர்கள் வாசல், மேலிருந்து. கையில் பையோடு அக்கா. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

தம்பி பதறித் திரும்பினான். அக்கா அப்படித்தான் நின்றிருந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு, சத்தம் வராமல் உள்ளே வந்தாள்.