ஒரே இழுப்பில் மூடும் கூரை

ராஜையாவின் பிக்கப் வண்டியில் தார்ப்பாயைக் கட்டி முடிக்கப் பத்து முடிச்சு போட வேண்டும். பாறசாலை மழைக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது. அவர் மூன்றாவது முடிச்சில் இருக்கும்போதே கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆனது. செங்கல் ஊரில் கிருஷ்ணம்மா வீட்டுப் பப்படத்தை ஏற்றிக்கொண்டு காட்டாக்கடைச் சந்தைக்குப் போன ராஜையா, மதியமே திரும்பி வந்துவிட்டார். வண்டியில் கடவம் எனும் பெரிய ஓலைக்கூடைகள் பன்னிரண்டும் அப்படியே இருந்தன. அவருடைய மகள் ஷாலு ஒரு கடவத்தைத் திறந்து பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த பப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிசைந்த மாவு மாதிரி கிடந்தன.

"அப்பா, இது அமிர்தா வீட்டுப் பப்படமாக்குமே!"

"ஓ மக்கா. நனையுது இது ரெண்டாவது தடவை. அந்தச் சேச்சி முகத்த எப்படிப் பாப்பேன்?" என்றார் ராஜையா. அவர் சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அமிர்தா, ஆறாம் வகுப்பில் ஷாலுவின் பக்கத்தில் உட்காருபவள். கிருஷ்ணம்மாவின் மகள். அம்மாவும் மகளுமாக ஒரு வாரம் உட்கார்ந்து இட்ட பப்படங்கள் அவை.

திங்கட்கிழமை அமிர்தா தன் புத்தகப் பையை எடுத்து, இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஷாலு ரப்பர் கேட்டாள். ரப்பர் வந்தது. பேச்சு வரவில்லை.

அன்று மாலை ஷாலு அப்பாவோடு செங்கலுக்குப் போனாள். கிருஷ்ணம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஷாலுவுக்குத் தோன்றியது.

"அண்ணா, நான் உங்களக் குத்தம் சொல்லல்ல. ஆனா ஓணத்துக்குக் கடைக்காரரு இருவது கடவம் கேட்டிருக்காரு. அதும் நனைஞ்சா எங்க வீட்டுல ஓணம் இல்ல. நான் வேற வண்டி பாக்கட்டா?"

ராஜையா தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமி, ரெண்டு வாரம் பொறுங்க," என்றாள் ஷாலு. "பப்படம் நனையாத வண்டியோட நாங்க வாறோம்."

ராஜையா திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். அப்படி ஒரு வண்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஷாலுவுக்கும் தெரியாதுதான். ஆனால் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் இருவரும் நெய்யாற்றின்கரையில் ரெத்தினதாஸின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"தகரக் கூரை அடிச்சுரலாம். நிரந்தரமா நிக்கும்."

"நிரந்தரமா நின்னா சரியாவாது மாமா," என்றாள் ஷாலு. "வெயில்ல தகரம் சுடும். பப்படம் வேர்த்து ஒட்டிப்போவும். அப்புறம் வாழைக்குல எப்படி மேலேர்ந்து ஏத்துவாங்க?"

"அப்பம் கனமான புதுத் தார்ப்பாய்?"

"அதுக்கும் பத்து முடிச்சு உண்டே!"

"கடை ஷட்டர் மாதிரி ஒண்ணு, சுருட்டி வைக்கிறது?"

"அந்தக் கனத்துக்கு வண்டி நகருமா?" என்று இந்த முறை ராஜையாவே கேட்டார்.

ரெத்தினதாஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "பின்ன என்னதான் வேணும் பிள்ளே?"

அந்த நேரம் பார்த்து மழை வந்தது. சாலையில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு மேலே சுருட்டி வைத்திருந்த ரெக்சின் மறைப்புகளைப் பயணிகள் அவிழ்த்துவிட்டார்கள். படபடவென்று அத்தனை ஜன்னல்களும் மூடிக்கொண்டன. ஷாலு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதாக்கும் வேணும்! வெயில்னா திறக்கணும், மழைன்னா ஒரே இழுப்புல மூடணும்."

ரெத்தினதாஸ் ஒரு பழைய பைப்பை எடுத்தார். அதில் தார்ப்பாயைச் சுருட்டி, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் மாட்டினார். இழுத்தால் பாய் போல விரிந்து வண்டியின் பின்கதவு வரைக்கும் வந்தது. ஷாலு கைதட்டினாள்.

பிறகு வாளி வாளியாக மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கியது. பாய் குழிந்தது. இன்னும் குழிந்தது. கடைசியில் ஓரமெல்லாம் நழுவி, தண்ணீர் முழுவதும் தடாலென்று உள்ளே விழுந்தது.

"கொள்ளாம், நல்ல கூரை! இதுல மீன் வளக்கலாம்," என்றார் ரெத்தினதாஸ்.

ராஜையாவும் சிரித்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மட்டும், "விடு மக்கா, கிருஷ்ணம்மா சேச்சி வேற வண்டி பாக்கட்டும்," என்று மெதுவாகச் சொன்னார்.

ஷாலு யோசித்துக்கொண்டே வந்தாள். தட்டையாக இருந்தால் தண்ணீர் தேங்கும். தேங்காமல் இருக்க என்ன செய்யலாம்? குடையின் மேல் தண்ணீர் நிற்பதில்லையே! குடை வளைந்திருக்கிறது. அப்படியானால் கூரையும் வளைய வேண்டும். வளைந்தாலும் மடங்க வேண்டும்.

மூன்று நாள் அவள் வேறெதையும் யோசிக்கவில்லை. ஒரு செருப்புப் பெட்டியை எடுத்தாள். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தென்னை ஈர்க்கிலைக் கட்டினாள். தன்னுடைய பிளாஸ்டிக் வளையல்களைப் பாதி பாதியாக வெட்டி, வளைவுகள் போல நிறுத்தினாள். வளைவுகளின் இரண்டு காலிலும் நூல் வளையம் போட்டு ஈர்க்கிலில் கோத்தாள். கிழிந்த குடைத்துணியை மேலே வைத்துத் தைத்தாள். இழுத்தால் விரிந்தது. தள்ளினால் விசிறி மாதிரி மடங்கி ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

சோதித்துப் பார்க்க ஒரு பொருள் மட்டும் அவளிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில், நடுவில் இருந்த பையைத் தாண்டி அவள் எட்டிப் பார்த்தாள். "அமிர்தா, எனக்கு ஒரு பப்படம் தருவியா?"

அமிர்தாவுக்குக் கண்கள் விரிந்தன. "அத்தனையும் நனைச்சது போதாதா? இன்னும் ஒண்ணு வேணுமா?"

"இத நனையாம வைக்கத்தான் கேக்கேன்."

"நானே கொண்டுவாறேன். உன்ன நம்பிக் குடுக்க மாட்டேன்," என்றாள் அமிர்தா.

அன்று மாலை இருவரும் ஷாலு வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். பெட்டிக்குள் பப்படம். ஷாலு இரண்டு கைகளாலும் கூரையை இழுத்து மூடினாள். அமிர்தா ஒரு செம்பு நிறையத் தண்ணீரை ஊற்றினாள். கருணையே இல்லாமல் இன்னொரு செம்பும் ஊற்றினாள். தண்ணீர் இரு பக்கமும் வழிந்து ஓடியது.

கூரையைத் திறந்து பப்படத்தை எடுத்தாள் அமிர்தா. தடவிப் பார்த்தாள். காதருகே வைத்துத் தட்டிக்கூடப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு இல்ல எடி!"

அன்று ராஜையா வந்ததும் இருவரும் பெட்டியைக் காட்டினார்கள். அவர் அதை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "இத முதல்லயே காட்டப்பிடாதா?" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த ஒரு வாரத்தில் ரெத்தினதாஸ், பட்டறையில் கிடந்த பழைய பந்தல் கம்பிகளை வளைத்து ஆறு வளைவுகள் செய்தார். வண்டியின் இரண்டு ஓரத்திலும் பைப் வைத்துப் பற்றவைத்தார். வளைவுகளின் கால்களில் இரும்பு வளையங்கள் போட்டுப் பைப்பில் கோத்தார். ஷாலுவின் அம்மா சரோஜம், தடித்த ஊசியால் தார்ப்பாயை அவற்றோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தார்.

ஷாலுவும் அமிர்தாவும் பார்த்துக்கொண்டிருக்க, ராஜையா ஒரு பக்கமாக நின்று இழுத்தார். கூரை பாதி வந்தது. பிறகு கோணிக்கொண்டு நின்றுவிட்டது. பலமாக இழுத்தார். அசையவில்லை. ரெத்தினதாஸ் எண்ணெய் விட்டார். அப்போதும் அசையவில்லை.

ஓணத்துக்கு இன்னும் நாலே நாள். ஷாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. வண்டியின் மேல் ஏறி, சிக்கிய வளைவையே உற்றுப் பார்த்தாள். ஒரு கால் முன்னே வந்திருந்தது. மற்றது பின்னாலேயே நின்றது.

"பெட்டியில நீ ரெண்டு கையாலல்லவா இழுத்த?" என்றாள் கீழே நின்ற அமிர்தா.

ஷாலு சட்டென்று திரும்பினாள். "ஆமா! மாமா, கடைசி வளைவோட ரெண்டு காலுலயும் கயிறு கட்டுங்க. ரெண்டு கயிறையும் பின்கதவுப் பக்கமா ஒண்ணா முடிஞ்சுருங்க. ஒரு ஆள் இழுத்தாலும் ரெண்டு காலும் சேந்து வரும்!"

கட்டினார்கள். ராஜையா பின்கதவருகே நின்று முடிச்சைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று கூரை முழுவதும் ஓடிவந்து அவர் வயிற்றில் முட்டி நின்றது.

ஓணச் சந்தையன்று இருபது கடவங்கள் ஏறின. கிருஷ்ணம்மா ஒவ்வொரு கடவத்தையும் தொட்டுப் பார்த்து அனுப்பினார். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் ஷாலுவும் அமிர்தாவும் முன்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். நல்ல வெயில். கூரை மடங்கிக் கிடந்தது.

நெய்யாற்றின்கரை தாண்டி, ரப்பர் தோட்டத்து வளைவில் திரும்பியபோது எதிரே மழை வருவது தெரிந்தது. சாலையின் அந்தப் பாதி நனைந்திருந்தது, இந்தப் பாதி காய்ந்திருந்தது.

"அப்பா, நிறுத்துங்க!"

வண்டி நிற்பதற்குள் ஷாலு குதித்துப் பின்னால் ஓடினாள். அமிர்தாவும் ஓடினாள். இருவரும் முடிச்சைப் பிடித்து இழுத்தார்கள். கூரை ஓடிவந்தது. ராஜையா கொக்கியை மாட்டினார். மாட்டிய கையிலேயே முதல் துளி விழுந்தது.

அப்புறம் கொட்டிய மழை சாதாரண மழை இல்லை. முன்னால் ஓடி ஏறுவதற்குள் மூவரும் தொப்பலாக நனைந்தார்கள். ஒருவருக்கும் அதைப் பற்றிக் கவலையே இல்லை.

காட்டாக்கடையில் மழை விட்டிருந்தது. கடைக்காரர் இருபது கடவங்களையும் திறந்து பார்த்தார். நொறுங்கக் காய்ந்த பப்படங்கள். ஒரு குறையும் சொல்லாமல் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துக்கொண்டார். அமிர்தா ஷாலுவின் கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். அது நன்றி என்று ஷாலுவுக்குப் புரிந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

கடையிலிருந்து வெளியே வந்தபோது வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். சந்தைக்கு வந்த டிரைவர்கள்! ஒருவர் கூரையை இழுத்து மூடினார். இன்னொருவர் தள்ளித் திறந்தார். "இஞ்ச தா, நான் ஒண்ணு இழுக்கட்டு," என்று மீசைக்காரர் ஒருவர் சின்னப் பிள்ளை மாதிரி முண்டியடித்தார்.

ஷாலு பின்கதவின் மேல் ஏறி நின்றாள்.

"மாமன்மாரே, தள்ளாதீங்க! வரிசையா வாங்க. ஒரு ஆளுக்கு ஒரு இழுப்பாக்கும்!"

அத்தனை டிரைவர்களும் வரிசையில் நின்றார்கள். ராஜையாவும்தான்.