ஒழுகலும் அடைப்பும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாயால்தான் என் தோழிக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தேன்.

வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. அவளுடைய இடது கண்ணிலிருந்து எப்போதும் தண்ணீர் வழியும். கணக்குப் பாடத்திலும் வழியும், சிரிப்புக் கதை படிக்கும்போதும் வழியும். கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவள் எழுந்து நின்று பாடம் வாசித்தபோது, ஒரு சொட்டு புத்தகத்தின் மேலேயே விழுந்தது.

"குழாயை யாராவது மூடுங்கப்பா" என்றேன் நான்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் 'குழாய்' ஆகிவிட்டது. முதல் நாள் அவளும் லேசாகச் சிரித்தாள். அதை வைத்து, அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

என் அப்பா குழாய் வேலை பார்ப்பவர். ஒரு விடுமுறை நாளில் எங்கள் வீட்டில் கை கழுவும் தொட்டி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. குழாய் ஒழுகுகிறது என்று அப்பாவிடம் ஓடினேன். அவர் குழாயைத் தொடவே இல்லை. தொட்டிக்கு அடியில் குனிந்து, ஒரு கம்பியை விட்டுத் துழாவினார். அழுக்கும் தலைமுடியும் பந்தாக வந்தன.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. தண்ணி போற வழிதான் அடைச்சிருக்கு. பாவம், குழாய்க்குக் கெட்ட பேரு" என்றார்.

அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் என் தோழி இரண்டு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுப்பாடம் கொடுக்கும் சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய இடது கண் இமைகள் மஞ்சள் பீளையால் ஒட்டியிருந்தன. மூக்கை ஒட்டிய ஓரம் சிவந்து வீங்கியிருந்தது. அவளுடைய அம்மா வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண் டாக்டர் சொன்னதை என் தோழி எனக்குச் சொன்னாள்.

"கண்ணு ஓரத்துல ரெண்டு குட்டி ஓட்டை இருக்கு. கண்ணுத் தண்ணி அது வழியா மூக்குக்குள்ள போயிடும். அதான் அழுதா மூக்கும் ஒழுகுது. எனக்கு அந்த வழி பிறந்ததுலேர்ந்தே அடைச்சிருக்காம்."

நிறையக் குழந்தைகளுக்கு இப்படி இருக்குமாம். மூக்கோரத்தில் விரலால் நீவிவிட்டால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துவிடுமாம். இவளுக்குத் திறக்கவில்லை. அதனால் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுத்து, வழி மறுபடி மூடாமல் இருக்கச் சில மாதங்களுக்கு உள்ளே ஒரு சின்னக் குழாயும் வைப்பார்களாம்.

"இனிமேத்தான் நிஜமாவே நான் குழாய்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய்க்காரர் மகள் நான். ஒழுகலுக்கும் அடைப்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அவளை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டதாக அவளுடைய அம்மா சொன்னார். அந்தப் பட்டப்பெயர் அங்கே யாருக்கும் தெரியாதாம்.

"யாரு வச்சதுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கிறா" என்றார்.

தோழி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாம்மா வச்சேன்" என்றேன்.

பஞ்சு பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

நான் மன்னிப்புக் கேட்டேன். என்மேல் கோபமில்லை என்றாள் தோழி. "ஆனா அந்த வகுப்புல இனி உக்கார முடியாது" என்றாள்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டுத் தொழிலே குழாய் என்பதால் அந்தப் பெயர் இனி எனக்குத்தான் என்றேன். யார் எங்கே "குழாய்" என்றாலும், "என்ன?" என்று நானே திரும்பினேன். பத்தே நாளில் பெயர் என்னிடம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதற்குள் அவள் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டாள். என் பக்கத்து இருக்கை இன்றுவரை காலியாகத்தான் இருக்கிறது.

சில மாதங்கள் போயின. ஒருநாள் இடைவேளையில் தண்ணீர் குடிக்க நின்றிருந்தேன்.

"ஏ குழாய்!"

பழக்கதோஷத்தில் திரும்பினேன். அவள்தான் நின்றிருந்தாள். உள்ளே வைத்திருந்த சின்னக் குழாயை எடுத்தாகிவிட்டதாம். இடது கண் காய்ந்து, பளிச்சென்று இருந்தது. அவள் கையில் கைக்குட்டை இல்லை.

எனக்கு ஏதேதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. நீளமான என் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. இரண்டு கண்களும் நிறைந்தன. மூக்கும் ஒழுகியது.

"உனக்கு அடைப்பே இல்ல, போ" என்று சொல்லிவிட்டு, அவள் தன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.